புதுக் கோமாளி மீனை வீட்டுப் பவளத் தொட்டியில் பழக்குவது எப்படி? சுங்கை சிப்புட் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பிள்ளைகள் "நீமோ வேணும்" என்று அடம்பிடித்ததால் இதில் இறங்கியவர்களே அதிகம். ஆளுக்கு ஆள் வேறு வேறு நேரத்தில் கேட்டாலும் கேள்விகள் ஒன்றேதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வெயில், கரண்ட் கட், கொசு மருந்துப் புகை எல்லாம் நம் ஊர்க் கணக்கில் எழுதியது. கோலாலம்பூரில் ஏர்கான் அறையில் தொட்டி வைத்திருப்பவருக்குச் சில பதில்கள் பொருந்தாமல் போகலாம்.

தொட்டி வைத்து ஒரு வாரம் ஆச்சு, தண்ணீர் பளிச்சென்று இருக்கு. மீன் வாங்கலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. தண்ணீர் தெளிந்திருப்பது வேறு, தயாராக இருப்பது வேறு. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். இரண்டும் பாறையிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம், ஆனால் அதை நம்பி அன்றைக்கே மீனை விடக்கூடாது.

மீன் இல்லாமலேயே இந்த வேலையைத் தொடங்கி வைக்கலாம். ஒரு துண்டு பச்சை இறாலைப் போட்டு அழுகவிடுவது பழைய வழி. வீடு நாறும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடையில் இதற்கென்றே விற்கும் அம்மோனியாக் கரைசல் இன்னும் சுத்தமான வழி. அளவு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும்வரை அதைச் சேர்த்து, மறுநாள் அதே நேரத்தில் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியாவும் 0, நைட்ரைட்டும் 0, நைட்ரேட் மட்டும் ஏறியிருக்கிறது என்றால் தொட்டி தயார். தண்ணீரில் ஒரு பாதியை மாற்றிவிட்டு அப்புறம் மீனைப் பற்றி யோசிக்கலாம்.

"கோமாளி மீனையே போட்டுத் தொட்டியைப் பழக்குங்க, அது தாங்கும்" என்று சில கடைகளில் சொல்வார்கள். பல நேரம் தாங்கவும் செய்கிறது. ஆனால் அம்மோனியாவில் செவுள் புண்ணான மீன் அதற்கப்புறம் எந்த நோய்க்கும் சுலபமாக விழும். 20 வருஷம்கூட வாழக்கூடிய ஒரு மீனுக்கு ஆரம்பமே அப்படி இருக்கவேண்டாம்.

பைப் தண்ணீரில் உப்புக் கலக்கலாமா? லூமுட் போய்க் கடல் தண்ணீர் அள்ளி வந்தால் என்ன?

பைப் தண்ணீரில் குளோரின் இருக்கும், கூடவே நைட்ரேட், பாஸ்பேட், பழைய குழாயிலிருந்து வரும் உலோகம் என்று என்னென்னவோ இருக்கும். மீன் சமாளித்தாலும் பவளம் சமாளிக்காது, பாசி மட்டும் செழிக்கும். மென்சவ்வு வடிகட்டியில் சுத்தம் செய்த ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. கடை வரிசையில் சில்லறை போட்டுப் பிடிக்கும் தண்ணீர் மெஷினையும் பயன்படுத்தலாம், ஆனால் ஃபில்டரை ஒழுங்காக மாற்றும் மெஷின் எது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை மலிவாக வாங்கி, பிடிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 10க்குக் கீழே காட்டினால் எடுக்கலாம். 50, 60 என்று காட்டினால் வேறு மெஷின் தேடுங்கள்.

உப்பு, கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பாகத்தான் இருக்கவேண்டும். சமையல் உப்பு கூடவே கூடாது. 20 லிட்டர் வாளிக்கு 700 முதல் 760 கிராம் வரை பிடிக்கும். ஒரு சின்ன பம்பைப் போட்டு இரவு முழுக்கச் சுழலவிட்டு, மறுநாள் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வருகிறதா என்று பாருங்கள்.

லூமுட் தண்ணீர் வேண்டாம். கரையோரத் தண்ணீரில் ஆற்றுச் சேறும் படகு எண்ணெயும் கலந்திருக்கும், ஒரு மழை பெய்தால் உப்பு இறங்கிவிடும். ஒன்றரை மணி நேரம் காடி ஓட்டிப் போய் அள்ளி வருவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

நம்ம ஊர் வெயிலுக்கு இந்த மீன் தாங்குமா?

மீன் தாங்கும். இது நம் கடலிலேயே, தியோமான், ரெடாங் பக்கமெல்லாம் வாழ்கிற மீன்தான். தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் நல்லது, 28 வரை கவலை வேண்டாம். சிக்கல் பவளத்துக்குத்தான். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் நிறம் வெளுக்கத் தொடங்கும். தகரக் கூரை போட்ட வீட்டில் மதியம் மூன்று மணிக்குத் தொட்டி 31, 32 காட்டுவது சாதாரணம்.

முதலில் மின்விசிறி. தண்ணீரின் மேல்பரப்பை நோக்கி ஒரு சின்ன ஃபேன் ஓடினால் 2 அல்லது 3 டிகிரி குறையும். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த அளவுக்குக் குறையாது. ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவை ஈடுகட்ட வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றவேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது. இதை மறந்துவிட்டு, "மீன் ஏனோ சோர்ந்து கிடக்கு" என்று வருபவர்கள் உண்டு. உப்பை அளந்தால் 1.030க்கு மேல் ஏறியிருக்கும்.

தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். கரண்ட் பில் ஏறும், அதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியைச் சன்னல் ஓரத்தில் வைக்காமல் வீட்டின் நடு அறையில் வைப்பதற்குக் காசு செலவில்லை, அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

கடையில் எந்த மீனைப் பார்த்து எடுப்பது?

வளர்ப்புப் பண்ணையில் பொரித்த மீனா, கடலில் பிடித்ததா என்று முதலில் கேளுங்கள். பண்ணை மீன் சின்ன வயதிலிருந்தே தொட்டியையும் குளிகைத் தீனியையும் பார்த்து வளர்ந்தது. கடலில் பிடித்தது பல கை மாறி, பட்டினி கிடந்து, நோயோடு வரும். விலை கொஞ்சம் கூடினாலும் பண்ணை மீனையே எடுங்கள். "தீவுக்குப் போறப்போ நாமே பிடிச்சுக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு: ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான், பாயார் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் தூரம் கடல் பூங்கா. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அங்கே மீனையோ பவளத்தையோ எடுப்பது குற்றம்.

அப்புறம் மீனைப் பாருங்கள். குனிந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, ஒரு ஐந்து நிமிடம். செவுள் நிதானமாகத் திறந்து மூடுகிறதா, வாயைப் பிளந்துகொண்டு வேக வேகமாக மூச்சு வாங்குகிறதா? ஆரஞ்சுத் தோலின்மேல், முக்கியமாகத் தலைக்குப் பின்னால், மெல்லிய வெள்ளைச் சளி படிந்திருக்கிறதா? வயிறு ஒட்டியிருக்கிறதா? கடைக்காரரை ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்கிற மீனை எடுங்கள். ஒரு மீன் சரியாக இருந்தாலும், அதே தொட்டியில் வேறு மீன் செத்துக் கிடந்தால் கையை வீசிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கிளம்பும்முன் இன்னொரு கேள்வி: "இந்தத் தொட்டியில உப்பு எவ்வளவு வெச்சிருக்கீங்க?" ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் உப்பை மிச்சப்படுத்தவும் சில கடைகள் 1.018, 1.020 என்று குறைத்து வைத்திருக்கும். இந்த எண் தெரியாமல் வீட்டுக்கு வந்தால் அடுத்த வேலை குருட்டாம்போக்கில்தான் நடக்கும்.

ஈப்போவிலிருந்து மோட்டாரில் கொண்டு வரலாமா?

30 கிலோமீட்டர் சொச்சம்தானே, தாராளமாக வரலாம். பையை வண்டியின் முன் கூடையில் வெயில் படும்படி வைக்காதீர்கள். ஒரு சின்ன தெர்மக்கோல் பெட்டிக்குள் வைத்து மூடி, வேறு எங்கேயும் நிற்காமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். வெயில் தாழ்ந்து புறப்பட்டால் இன்னும் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்யணும்? பையோடு மிதக்கவிட்டால் போதாதா?

மிதக்கவிடுவது சூட்டைச் சமப்படுத்தத்தான். உப்பைச் சமப்படுத்தாது. மீன் சாவதும் பிழைப்பதும் பெரும்பாலும் உப்பு விஷயத்தில்தான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மீன் முதலில் போகும் தொட்டி எதுவோ அதன் விளக்கை அணைத்துவிடுங்கள் (புது மீனைப் பிரித்து வைக்கும் தனித்தொட்டி பற்றிக் கீழே சொல்கிறேன்). பையைத் திறக்காமல் 15 முதல் 20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். பிறகு மீனையும் பைத் தண்ணீரையும் சேர்த்து ஒரு சுத்தமான சின்ன வாளிக்கு மாற்றுங்கள். சோப்பு பட்ட வாளி ஆகாது. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள், உங்கள் தொட்டியிலிருந்தும் ஒரு சொட்டு பாருங்கள்.

இரண்டும் 0.002க்குள் இருந்தால் வேலை சுலபம். ஏர் பம்புக்குப் போடும் மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை உறிஞ்சி வாளிக்குள் விடுங்கள். முடிச்சை இறுக்கித் தளர்த்தி, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி வையுங்கள். வாளித் தண்ணீர் இரண்டு மடங்கானதும் பாதியை எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடியும் சொட்டவிடுங்கள். 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் வாளி சூடேறாமல், குளிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீனை மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் பிடித்துத் தொட்டிக்குள் விடுங்கள். வாளித் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது, கடையின் ஒட்டுண்ணியும் மருந்தும் அதில்தான் இருக்கும்.

கடைத் தண்ணீர் 1.019, உங்களுடையது 1.025 என்றால் ஒரு மணி நேரச் சொட்டு போதாது. உப்பு குறைந்த தண்ணீருக்குப் போவதை மீன் சுலபமாகத் தாங்கும், உப்பு கூடிய தண்ணீருக்குப் போவதைத்தான் தாங்காது. வெளியில் உப்பு கூடும்போது உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும். மீன் அன்றைக்கு நன்றாகவே நீந்தும், இரண்டு மூன்று நாள் கழித்துக் காரணமே தெரியாமல் செத்துக் கிடக்கும். இந்த நிலையில் தனித்தொட்டி ஒன்றைக் கடையின் உப்பு அளவிலேயே தயார் செய்து, மீனை அதில் விட்டு, நாளுக்கு 0.001 அல்லது 0.002 வீதம் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

கூரியரில் வந்த மீனுக்கும் இதே முறைதானா?

இல்லை, இது நேர் எதிர். இரவு முழுக்கப் பைக்குள் இருந்த மீன் விட்ட கரியமில வாயுவால் தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) இறங்கியிருக்கும். பையில் அம்மோனியாவும் சேர்ந்திருக்கும், ஆனால் பி.எச். குறைவாக இருப்பதால் அதன் விஷம் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அடங்கியிருந்த அம்மோனியா விஷமாக மாறத் தொடங்கும். அந்தத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்துச் சொட்டுவிடுவது மீனைக் கொல்லும் வேலை. அனுப்புகிறவரிடம் உப்பின் அளவை முதல் நாளே கேட்டு, தனித்தொட்டியை அதே அளவில் வைத்திருங்கள். பை வந்ததும் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள், திறங்கள், உடனே மீனை மாற்றுங்கள்.

தனித்தொட்டி அவசியமா? ஒரே ஒரு மீன்தானே?

ஒரே ஒரு மீன் போதும், தொட்டி முழுக்க நோயைப் பரப்ப. பெரிய செலவு ஒன்றும் இல்லை. 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய் போதும். ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியிலேயே சில வாரம் ஊறவைத்தால் பாக்டீரியா குடியேறியிருக்கும். மீனை அதில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்.

கோமாளி மீனுக்கென்றே பேர்போன நோய் புரூக்ளினெல்லா. தோல் சளி சளியாக உரியும், மூச்சு வாங்கும், தின்னாது. இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடும், யோசித்துக்கொண்டிருக்க நேரம் தராது. ஃபார்மலின்தான் இதற்கு நம்பகமான மருந்து. புட்டியில் உள்ள அளவுப்படி தனி வாளியில் குளியலாகக் கொடுக்கவேண்டும், அப்போது ஏர் பம்ப் நன்றாக ஓடவேண்டும். ஃபார்மலின் மனிதருக்கும் நஞ்சு. கையுறை போடுங்கள், வீட்டுக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

உடம்பில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி வந்தால் அது வேறு நோய், அதற்குச் செம்பு மருந்து உண்டு. அந்த மருந்தை எக்காரணம் கொண்டும் பவளத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பவளம், இறால், நத்தை எல்லாம் சாகும், பாறை அந்தச் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகும் கக்கும். வெள்ளைப் புள்ளி பெரிய தொட்டிக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை 10, 11 வாரம் மீனில்லாமல் போடவேண்டி வரும். ஒரு மாதத் தனித்தொட்டி இதைவிடச் சின்ன வேலை.

ராத்திரி மூலையில சாய்ஞ்சு கிடக்கு. சாகப் போகுதா?

தூங்குகிறது. கோமாளி மீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, மேல்பரப்புக்குப் பக்கத்திலோ மணலுக்குப் பக்கத்திலோ சாய்ந்தபடி, வாலை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டு தூங்கும். பகலில் தள்ளாடித் தள்ளாடி நீந்துவதும் அதன் இயல்புதான். டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள். முதல் இரண்டு நாள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டி முன் நிற்பார்கள், அதைத் தடுப்பதுதான் கஷ்டமான வேலை.

மூச்சு வேகமாக இருப்பது, தோலில் சளி, பாறையில் உடம்பைத் தேய்ப்பது: இந்த மூன்றுக்கும்தான் கவலைப்படவேண்டும்.

இரண்டு நாளாத் தின்னலை. என்ன போடலாம்?

இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால் பரவாயில்லை. உறைந்த குட்டி இறால் தீனியான ஃப்ரோஸன் மைசிஸ் அல்லது ஆர்ட்டீமியாவைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, நாலைந்து துணுக்கு மட்டும், நீரோட்டம் அதன் முகத்துக்குக் கொண்டுபோகும்படி விடுங்கள். வாயில் வாங்கித் துப்பினாலும் நல்ல அறிகுறிதான். பழகியதும் குளிகைக்கு மாற்றலாம், நாளுக்கு இரண்டு வேளை போதும். பசிக்குமே என்று அள்ளிப் போட்டால் அம்மோனியாதான் ஏறும்.

ஜோடியாக வாங்கணுமா? ஆண் எது, பெண் எது?

கடையில் இருக்கும் குட்டிகளில் ஆண் பெண் பார்த்து எடுக்க வழியில்லை. கோமாளி மீன் எல்லாமே முதலில் ஆணாகத்தான் முதிரும். கூட்டத்தில் பெரியது, அடாவடியானது எதுவோ அது பெண்ணாக மாறும். பெண் செத்தால் அடுத்த நிலையில் உள்ள ஆண் பெண்ணாகும். பெண்ணான மீன் மறுபடி ஆணாகாது. ஆகவே ஒன்று பெரியதும் ஒன்று சின்னதுமாக இரண்டு குட்டிகளை ஒரே நாளில் விட்டால் பெரும்பாலும் ஜோடி சேர்ந்துவிடும்.

முதல் வாரம் சண்டை இருக்கும். பக்கத்தில் நின்று பாருங்கள்: பெரியது நெருங்கும்போது சின்னது உடம்பைச் சாய்த்து, கரண்ட் அடித்ததுபோல் வெடவெடவென்று நடுங்கும். பயந்துவிடாதீர்கள், "நீதான் பெரிய ஆள்" என்று அது ஒத்துக்கொள்கிறது. அதற்கப்புறம் சண்டை குறைந்துவிடும். துடுப்பு கிழிந்து, சின்னது மேல் மூலையைவிட்டு இறங்கவே பயப்பட்டால், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஒன்றை அடைத்து அதே தொட்டியில் சில நாள் தொங்கவிடுங்கள். மூன்று வாங்காதீர்கள். இரண்டு மீன் ஜோடியாகி மூன்றாவதை விரட்டி விரட்டியே கொன்றுவிடும்.

கடல் சாமந்தி இல்லாமல் இது வாழுமா?

நன்றாகவே வாழும். கடையில் அனிமோன் என்று விற்கும் அந்தக் கடல் சாமந்திக்கு வலுவான விளக்கும், ஆறு மாதத்துக்குமேல் நிலைபெற்ற தொட்டியும் வேண்டும். புதுத் தொட்டியில் வைத்தால் அது நகர்ந்துபோய், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரில் மாட்டி நார்நாராகும், தண்ணீரே விஷமாகும். மீனும் சாமந்தியும் சேரும் என்ற உத்தரவாதமும் இல்லை. பண்ணை மீன்கள் தோல் பவளத்திலோ, தொட்டியின் மூலையிலோ, சில நேரம் பம்ப்பின் மேலேயோ குடியிருப்பு போட்டுக்கொள்ளும். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

சாயங்கால மழையில் கரண்ட் போனால்?

பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி, பேட்டரியைத் தனியே எடுத்து வைத்திருங்கள். மீன் முதலில் சாவது ஆக்சிஜன் இல்லாமல்தான், விளக்கோ ஃபில்டரோ இல்லாமல் அல்ல. கரண்ட் வரும்வரை தீனி போடாதீர்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால், மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் நின்ற தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் போடுங்கள்.

டெங்கி புகை அடிக்க வர்றாங்க, தொட்டிக்கு ஆபத்தா?

கண்டிப்பாக ஆபத்துதான், நம் பக்கம் நிறைய பேர் யோசிக்காத விஷயம் இது. அந்தப் புகையில் இருப்பது பூச்சிக்கொல்லி. மீனுக்கும் நஞ்சு, இறாலுக்கும் நண்டுக்கும் இன்னும் கடுமையான நஞ்சு. ஏர் பம்பும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் கலக்கும் கருவிகள். புகை வருவதற்கு முன் இரண்டையும் நிறுத்துங்கள், வேவ்மேக்கர் மட்டும் ஓடட்டும். தொட்டியை ஈரத் துண்டால் முழுக்க மூடுங்கள். புகை அடங்கி, கதவு சன்னலைத் திறந்து வீடு காற்றாடிய பிறகு பம்பைப் போட்டு, ஃபில்டரில் புதுக் கார்பன் ஒரு பை போடுங்கள்.

கொசுவத்தி, ஸ்பிரே எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, தூபக்காலைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாமல் சாமி அறையோடு முடித்துக்கொள்ளுங்கள். கொசு எண்ணெய் தடவிய கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள்.

மூடி போடணுமா?

கண்ணாடி மூடி சூட்டைக் கூட்டும். கொசுவலை மாதிரி மெல்லிய வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிப் போடுங்கள். புது மீன் முதல் வாரத்தில்தான் அதிகம் குதிக்கும்.

தீபாவளிக்கு நாலு நாள் ஊருக்குப் போறோம். யார் பார்த்துக்கொள்வது?

நன்றாகத் தின்று வளர்ந்த மீன் மூன்று நான்கு நாள் பட்டினியைப் பொருட்படுத்தாது. புதிதாக வந்து இரண்டு வாரம்கூட ஆகாத மீன் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவைக்கவேண்டியதுதான். தீனி டப்பாவை அப்படியே கையில் கொடுக்காதீர்கள், அன்புள்ளவர்கள் அள்ளித்தான் போடுவார்கள். மாத்திரை டப்பாவில் கிழமைவாரியாக ஒரு சிட்டிகை வீதம் பிரித்து வைத்து, மிச்சத்தை ஒளித்துவிட்டுப் போங்கள். தீனியைவிட முக்கியம் ஆவியாகும் தண்ணீர்தான். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஆர்.ஓ. தண்ணீர்ப் புட்டிகளை வரிசையாக அடுக்கி, "கோட்டுக்குக் கீழே போனால் இதிலிருந்து மட்டும் ஊற்றவும்" என்று ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.